சென்னையின்... என்ன? ஒரு நீலச்சட்டைக்காரனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் நீலச் சட்டையில் ஆடும் சென்னையின் எஃப்.சி. அணிக்கு 2014 முதல் ரசிகன் நான். வீட்டில், ஆபீஸில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே போனாலும் ஒரே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை போய்விட்டது. இனி கேட்பவர்களிடம் இதைப் படிக்கச் சொல்லப்போகிறேன்.

அது என்னங்க "சென்னையின்"? சென்னையின் என்ன?

பெரும்பாலானவர்களின் முதல் கேள்வி இதுதான். வடநாட்டு வர்ணனையாளர்கள் "சென்னை-யின்" என்று இரண்டாக உடைத்துச் சொல்வதால் ஏதோ சீனப் பெயர் மாதிரிக் கேட்கும். தமிழ்க் காதுக்கோ வாக்கியம் பாதியில் நிற்பதுபோல் இருக்கும். "எஃப்.சி."யையும் சேர்த்துப் படியுங்கள்: சென்னையின் கால்பந்துக் கழகம். இலக்கணம் சுத்தம். "ஆறாம் வேற்றுமை" என்று ஒருமுறை எங்கள் தெருத் தமிழாசிரியையிடம் பெருமையடித்தேன். "இன் என்பது இங்கே சாரியை, உருபு தொக்கி நிற்கிறது" என்று திருத்திவிட்டு, "டீம் எப்படி ஆடுது?" என்று கேட்டார். அப்போது அணி கடைசி இடத்தில் இருந்தது. சாரியையைப் பற்றியே இன்னும் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன்.

கிரிக்கெட் ஊரில் இருந்துகொண்டு எதுக்கு ஃபுட்பால்?

நீங்கள் எந்தச் சென்னையைச் சொல்கிறீர்கள்? வியாசர்பாடிக்கு வந்து பாருங்கள். "மினி பிரேசில்" என்று ஊரே சொல்லும் இடம். முல்லை நகர் மைதானத்தில் காலை ஆறு மணிக்கே புழுதி கிளம்பிவிடும். என் பெரியப்பா வெறுங்காலில் ஆடி, இடது கால் பெருவிரல் நகம் மூன்று முறை பெயர்ந்தவர். எங்கள் வீட்டில் கிரிக்கெட் மட்டை வந்ததே நான் ஏழாவது படிக்கும்போதுதான். அதுவும் துணி அலசப் பயன்பட்டது.

கடைசி விசில் வரைக்கும் யாரையும் எழுந்திருக்க விடமாட்டேங்கறீங்களே, ஏன்?

எங்கள் கூட்டத்தின் ஒரே சட்டம் இது. மற்றதெல்லாம் பழக்கம், இது மட்டும் சட்டம். காரணம் இரண்டு ஆட்டங்கள்.

முதலாவது 2014 அரையிறுதி. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 3-0 என்று அடிவாங்கி வந்திருந்தோம். இரண்டாம் ஆட்டம் நம்ம பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில். போய் அழுதுவிட்டு வரலாம் என்றுதான் போனோம். மிக்கேல் சில்வெஸ்டர் ஒன்று போட்டார். இரண்டாவது, அவர்கள் டிஃபெண்டர் சந்தேஷ் ஜிங்கன் காலில் பட்டு அவர்கள் வலைக்குள்ளேயே போனது. தொண்ணூறாவது நிமிஷத்தில் ஜேஜே மூன்றாவதைப் போட்டார். மொத்தக் கணக்கு 3-3. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். எக்ஸ்ட்ரா டைமில் 117-வது நிமிஷம் ஸ்டீபன் பியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கேரளாவுக்கு ஒன்று போட்டார். முடிந்தது. அதே பெரியவர் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். 116 நிமிஷம் பார்த்துவிட்டு யாராவது கிளம்பியிருந்தால், பெனால்டி ஷூட்டவுட்டுக்குப் போகப்போகிறது என்ற நம்பிக்கையோடு வீடுபோய்ச் சேர்ந்திருப்பார்.

இரண்டாவது 2015 இறுதிப்போட்டி. அந்த டிசம்பரை மறக்க முடியுமா? ஊரே தண்ணீரில் மிதந்தது. நம்ம ஊரில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். கொல்கத்தா அணியை அங்கே 3-0 என்று வென்று, திருப்பி ஆடப்போன இடத்தில் 2-1 என்று தோற்று, மொத்தக் கணக்கில் இறுதிக்குப் போனோம். டிசம்பர் 20, கோவாவின் ஃபதோர்டா ஸ்டேடியம், எஃப்.சி. கோவாவோடு ஆட்டம். எங்கள் வீட்டில் வெள்ளத்துக்குப் பயந்து டிவியைக் கட்டில்மேல் தூக்கிவைத்தது இறக்கப்படாமலேயே இருந்தது. தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தோம்.

எங்கள் புரூனோ பெலிசாரி அடித்த பெனால்டியைக் கோல்கீப்பர் தடுக்க, திரும்பி வந்த பந்தை அவரே உள்ளே தள்ளினார். 1-0. நான்கே நிமிஷத்தில் ஹாவ்கிப் சமன் செய்தார். 87-வது நிமிஷம் ஜோஃப்ரே ஒரு ஃப்ரீ கிக் அடித்தார் பாருங்கள், திட்டக்கூட மனசு வரவில்லை. கோவா 2-1. என் மச்சான் எழுந்து, சட்டையை மாட்டி, "பால் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினார். மூன்று வீடு தள்ளித்தான் கடை. அவர் போன நேரத்தில் கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணி கையில் பட்டுப் பந்து உள்ளே போனது. 2-2. தெருவே கத்துகிறது. மச்சான் கடையில் சில்லறை வாங்கிக்கொண்டிருக்கிறார். காயநேரத்தின் இரண்டாவது நிமிஷம் ஸ்டீவன் மெண்டோசா அடித்தார். 3-2. நாங்கள் சாம்பியன். மச்சான் வாசலில் நிற்கிறார், கையில் அரை லிட்டர் பால்.

அன்றிலிருந்து, சீக்கிரம் எழுந்திருக்கிறவன் எவனாக இருந்தாலும் அவனுக்குப் பெயர் "பால் பாக்கெட்". மச்சானுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், ஒரு தொழில், கொஞ்சம் தொப்பை. இன்னும் அந்தப் பெயர் போகவில்லை.

உங்க கணக்குல சென்னையின் எஃப்.சி.யோட எப்போதைக்குமான பதினொரு பேர் யார்?

இதைக் கேட்டுத்தான் பாதி ராத்திரி சண்டை வருகிறது. நான் ஒரு நிபந்தனை போட்டுக்கொள்கிறேன். 2021-22 சீசனிலிருந்து களத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் ஒரே நேரத்தில் ஆடலாம். அந்த விதியிலேயே என் அணியும். இல்லையென்றால் எல்லாரும் ஆறு பிரேசில்காரர்களை எழுதிவைத்துவிட்டு ஆஹா ஓஹோ என்பார்கள்.

கோல்கீப்பர் கரண்ஜித் சிங். திறமையில் விஷால் கைத் அவரைவிட ஒரு படி மேல் என்று சொல்வார்கள், சரிதான். ஆனால் விஷாலின் பெரிய வெற்றிகள் கொல்கத்தாவுக்குப் போன பிறகு வந்தவை. கரண்ஜித் நமக்குக் கோப்பை வாங்கித் தந்தவர்.

வலது பக்கம் ஹர்மன்ஜோத் கப்ரா. எந்த இடத்தில் போட்டாலும் முகம் சுளிக்காதவர். இடது பக்கம் ஜெர்ரி லால்ரின்சுவாலா. நடுவில் மைல்சன் ஆல்வெஸ், இதில் விவாதமே கிடையாது. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், அவர்கள் ஊரிலேயே இறுதிப்போட்டி. ஒன்பதாவது நிமிஷமே சுனில் சேத்ரி கோல் போட்டு ஊரையே ஆடவைத்துவிட்டார். பிறகு இரண்டு கார்னர், இரண்டு முறையும் மைல்சனின் தலை. டிஃபெண்டர் போட்ட இரண்டு கோலில் இடைவேளைக்கு முன்னாலேயே முன்னிலை. அப்புறம் ரஃபேல் அகுஸ்டோ தூரத்திலிருந்து ஒன்று. கடைசியில் அவர்களின் ஸ்ட்ரைக்கர் மிகு ஒன்று போட்டு 3-2 ஆனது. அந்த ஆட்டத்துக்கு எங்களில் மூன்று பேர் ரயிலில் போனோம். திரும்பி வரும்போது டிக்கெட் பரிசோதகர் எங்கள் நீலச் சட்டையைப் பார்த்துவிட்டு "கத்தாம வாங்க, எல்லாரும் தூங்கறாங்க" என்று மட்டும் சொன்னார்.

மைல்சனுக்குப் பக்கத்தில் நிற்க ஓர் இந்திய டிஃபெண்டர் வேண்டும். இங்கேதான் இடிக்கிறது. ஆரம்பத்திலிருந்தே நாங்கள் நடுத் தற்காப்புக்கு வெளிநாட்டவர்களையே நம்பி வந்தோம். தனச்சந்திரா சிங் இடது பக்கத்துக்காரர்தான், அவரை நடுவுக்கு இழுத்து வைத்திருக்கிறேன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

மிட்ஃபீல்டில் தனபால் கணேஷ், அனிருத் தாபா, ரஃபேல் அகுஸ்டோ. முன்னால் மெண்டோசா, ஜேஜே, வால்ஸ்கிஸ். மெண்டோசா 2015-இல் 13 கோல், வால்ஸ்கிஸ் 2019-20-இல் 15 கோல், அதிகக் கோல் போட்டவருக்கான தங்கக் காலணி அந்தந்த வருஷம் இருவருக்கும். ஜேஜேவுக்கு விருதெல்லாம் வேண்டாம். ஆறு வருஷம் நீலச் சட்டை போட்டார், போதும். மனுஷன் இப்போது மிசோரம் சட்டமன்ற உறுப்பினர். 2023 தேர்தலில் ஜெயித்தார். தமிழ்நாட்டில் நின்றிருந்தால் எங்கள் ஏரியா ஓட்டு மொத்தமும் அவருக்குத்தான்.

எலானோ எங்கே? கிரிவெல்லாரோ எங்கே?

வெளியே. வயிறு எரியத்தான் செய்கிறது. எலானோ முதல் சீசனிலேயே எட்டுக் கோல் போட்டு லீக்கில் முதலிடம் பிடித்தவர். மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடிய பிரேசில்காரர் பெரியமேட்டில் ஃப்ரீ கிக் அடிப்பதைப் பார்க்கவே நிறையப் பேர் வந்தார்கள். கிரிவெல்லாரோ 2019-20-இல் செய்த பாஸ்களில் பாதியை வேறு யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள், அவருக்கு மட்டும் அந்தச் சந்து தெரியும். ஆனால் நான்கு சீட்டுதான் இருக்கிறது. அகுஸ்டோவை இறக்கி எலானோவை ஏற்றலாம் என்று என் தம்பி மூன்று வருஷமாக வாதாடுகிறான். ஃப்ரீ கிக் கிடைக்காத ஆட்டத்தில் எலானோ என்ன செய்வார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

மாமா, உங்க டீம்ல ஒருத்தனாச்சும் நம்ம ஊர்க்காரன் இருக்கானா?

என் அக்கா மகன் கேட்டது. பத்து வயசு, வலது காலில் நல்ல ஷாட். இந்தக் கேள்விக்குத்தான் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

ஒருகாலத்தில் இருந்தார்கள். 2018 அரையிறுதி, கோவாவோடு இரண்டாவது ஆட்டம் இங்கே. முதலில் ஜேஜே அடித்தார். மூன்று நிமிஷம் கழித்துத் தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன், நேரு ஸ்டேடியத்தில், அரையிறுதியில் கோல் போடுகிறான். பெரியப்பா எதற்கும் எழுந்து நிற்காதவர், அன்றைக்கு நாற்காலிமேல் ஏறி நின்றார். கடைசியில் ஜேஜே இன்னொன்று போட்டு 3-0. நான்கு நாள் கழித்துக் கோப்பை. அடுத்த சீசன் கணேஷுக்குக் காயம், ஆட முடியவில்லை. அந்த சீசனில் நாங்கள் பத்து அணிகளில் பத்தாவது. ஒரு ஆள் இல்லாததால் மட்டும் ஒரு அணி கடைசிக்குப் போய்விடாது, தெரியும். ஆனால் எங்கள் தெருவில் அப்படித்தான் கணக்கு.

எட்வின் சிட்னி வான்ஸ்பால் இருந்தார், சென்னை சிட்டி அணியோடு 2018-19 ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கை வென்றுவிட்டு நம் பக்கம் வந்தவர். சென்னை சிட்டி என்ற பெயரில் கோயம்புத்தூரில் ஆடி, இந்திய சாம்பியனே ஆன அந்த அணி இன்று களத்தில் இல்லை. அந்தக் கதை தனி, வயிற்றெரிச்சலும் தனி.

மற்றபடி நம்மவர்கள் நன்றாக ஆடுவதை நாங்கள் அடுத்த வீட்டு டிவியில் பார்ப்பதுபோல் பார்க்கிறோம். குமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், பிறகு கொல்கத்தாவின் ஏடிகே-க்குப் போனார். 2020 இறுதிப்போட்டியில் எங்களை 3-1 என்று தோற்கடித்த அணி அதுதான். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் ஒடிசாவில் பேர் வாங்கி ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2023 டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட ஒரே கோலில் கொல்கத்தாவின் பாதி ஊர் தெருவுக்கு வந்துவிட்டது. அந்த வீடியோவை அக்கா மகன் நாற்பது தடவையாவது பார்த்திருப்பான். "இவரு ஏன் மாமா நம்ம டீம்ல இல்ல?"

காசு, ஒப்பந்தம், கோச்சின் விருப்பம் என்று நூறு காரணம் சொல்லலாம், எல்லாமே உண்மையாகவும் இருக்கலாம். என் கருத்து ஒன்றுதான். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரை வருஷாவருஷம் மாற்றுங்கள், அது அந்தத் தொழிலின் இயல்பு. தாபா பதினெட்டு வயசில் டேராடூனிலிருந்து வந்து, இங்கேயே வளர்ந்து, கேப்டனாகி, 2023-இல் மோகன் பகானுக்குப் போனார். அதற்கும் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் பெஞ்சிலாவது இரண்டு தமிழ்ப் பையன்கள் எப்போதும் இருக்கவேண்டும். தயவு பண்ணி உட்காரவைக்கச் சொல்லவில்லை. வியாசர்பாடியிலும் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கமும் போய்த் தேடினால் ஆள் கிடைக்கும் என்றுதான் சொல்கிறேன்.

சமீபத்திய அணி எப்படி?

2024-25-இல் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது. இதற்குமேல் என்ன சொல்ல? கானர் ஷீல்ட்ஸ் மட்டும் அந்த சீசன் முழுக்க ஓடினார். ஸ்காட்லாந்திலிருந்து வந்து, சென்னை வெக்கையில் தொண்ணூறு நிமிஷம் ஓடிய மனுஷனுக்கு நீர்மோர் ஊற்றிக் கும்பிடவேண்டும். முன்வரிசையில் வில்மர் ஜோர்டான் கில் பந்தைக் காலில் ஒட்டிவைத்திருந்தார், ஆனால் பின்னாலிருந்து ஓடிவந்து சேர ஆள் இருக்கவில்லை. இர்ஃபான் யட்வாட் தேசிய அணி வரைக்கும் போனார், அவர்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. தற்காப்பு பற்றிக் கேட்காதீர்கள். முன்னிலை எடுத்துவிட்டால்தான் எங்களுக்குப் பயமே வரும்.

அப்போதைய கோச் ஓவன் கோயில் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 2019 டிசம்பரில் கரையேறவே வழியில்லாமல் கிடந்த அணியை எடுத்து இறுதிப்போட்டிவரை கொண்டுபோனவர் அவர். இரண்டாவது முறை வந்தபோது அந்த மந்திரம் முதல் சீசனில் கொஞ்சம் பலித்தது, பிளே-ஆஃப் வரை போனோம். அடுத்ததில் பலிக்கவில்லை. 2025-இல் கிளிஃபோர்ட் மிராண்டாவைக் கொண்டுவந்தார்கள். இந்தியக் கோச், அதிலும் களத்தில் ஆடிய கோவாக்காரர், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த வருஷம் லீக்கின் வணிக உரிமை ஒப்பந்தத்தில் சிக்கல் வந்து, வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கவேண்டிய சீசன் தொடங்கவே இல்லை. ஒரு கோச்சின் மேல் கருத்துச் சொல்ல ஆட்டம் நடக்கவேண்டும் அல்லவா? மாதக்கணக்கில் சனிக்கிழமை சாயங்காலங்களில் வீட்டில் காய்கறி நறுக்கினேன்.

மஞ்சள் சட்டை போட்டுட்டு வரலாமா? சி.எஸ்.கே. ஜெர்சி இருக்கு.

வேண்டவே வேண்டாம்.

இது சாதாரணக் கேள்வி மாதிரித் தெரியும். சேப்பாக்கத்தில் மஞ்சள் போடாதவன் வெளியூர்க்காரன். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி நேரு ஸ்டேடியத்தில் மஞ்சள் போட்டவன் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆள். எங்கள் அணியின் உரிமையாளர்களில் ஒருவர் தோனி. அபிஷேக் பச்சனும் விட்டா டானியும் கூட இருக்கிறார்கள். அதே தோனி சேப்பாக்கத்தில் மஞ்சளில் நின்றால் "தல", இங்கே எங்களுக்கு நீலத்தில் வந்தால்தான் தல. என் ஆபீஸ் நண்பர் ஒருவர் முதல் தடவை வரும்போது, "சென்னை டீம்தானே" என்று ஏழாம் எண் மஞ்சள் ஜெர்சியில் வந்து நின்றார். அன்றைக்கு எதிரணி கேரளா வேறு. வாசலில் மலையாளிகள் அவரைக் கட்டிப்பிடித்து "வா சேட்டா" என்று தங்கள் ஸ்டாண்டுக்கே இழுத்துப்போகப் பார்த்தார்கள். கடைசியில் என் மழைக்கோட்டை மேலே மாட்டிவிட்டு, புழுக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தேன்.

கேரளா ஆட்டம் என்றால் பாதி ஸ்டேடியம் மஞ்சளாகும் என்பது உண்மை. சென்னையில் வேலை பார்க்கிற, படிக்கிற மலையாளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். சத்தத்தில் அவர்களை மிஞ்சுவது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் அதே டீக்கடையில்தான் எல்லாரும் நிற்போம். ஜெயித்தவன் காசு கொடுப்பது எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. கணக்குப் பார்த்தால் அவர்கள்தான் அதிகம் செலவழித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

மேட்ச் அன்றைக்கு உங்க வழக்கம் என்ன?

ஏழரை மணி ஆட்டம் என்றால் நான்கு மணிக்கே தொடங்கிவிடும். முதலில் அத்தோ. தெரியாதவர்களுக்கு: பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, தட்டையை நொறுக்கிப்போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். எங்கள் வியாசர்பாடியிலும் கிடைக்கும், பாரிமுனைக் கடற்கரைப் பக்கமும் கிடைக்கும். பாரிமுனைக் கடைதான் ராசி என்பது தம்பியின் கட்சி. 2018-19-இல் அங்கே சாப்பிட்டுவிட்டுப் போய் வரிசையாகத் தோற்றதை ஞாபகப்படுத்தினால், "அன்னைக்கு முட்டை மசால் சேர்த்து வாங்கல" என்பான்.

அங்கிருந்து சென்ட்ரல் வரை பஸ். சென்ட்ரலிலிருந்து மூர் மார்க்கெட் பக்கமாக நடந்தால் பெரியமேடு. நடந்துதான் போகவேண்டும் என்பது பெரியப்பா போட்ட வழக்கம். இரண்டு சக்கர வண்டியில் போனால் ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்ற பிரச்சினை வரும், அது வேறு. வாசலில் பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், பல்லி மிட்டாய் டப்பா என்று எதையெல்லாம் பிடுங்கிவைப்பார்கள் என்று அன்றைய காவலருக்கே தெரியாது. என் பவர் பேங்க் ஒன்று அந்தக் குவியலில் போனது போனதுதான்.

உள்ளே போனதும் நாங்கள் உட்காரும் வரிசை மாறாது. பக்கத்து ஸ்டாண்டில் பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்ற ரசிகர் கூட்டங்கள் டிரம்மோடு, பேனரோடு வந்துவிடுவார்கள். அவர்களுடைய தொண்டைக்கு முன்னால் நாங்கள் எல்லாம் ஒன்றுமே இல்லை. ஆட்டம் பூராவும் முதுகைக் களத்துக்குக் காட்டிக்கொண்டு கூட்டத்தைக் கத்தவைக்கும் பையன் ஒருவன் இருப்பான். ஒரு கோலைக்கூட நேரில் பார்க்காத ரசிகன் அவன்தான். எனக்கு அவனைப் பார்த்தால் பொறாமையாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

ஜெயித்தால் ஆட்டக்காரர்கள் ஸ்டாண்ட் முன்னால் வந்து கையைத் தலைக்குமேல் தூக்கி, மெதுவாகத் தொடங்கி வேகமாகத் தட்டுவார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் 2016 யூரோவில் பிரபலமாக்கியது. எங்கிருந்து வந்தால் என்ன, இங்கே அதை அடிக்கும்போது பின்னால் ஒருவன் தவறாமல் விசில் போடுவான், அப்போதே அது நம்ம ஊர் ஆகிவிடும்.

இடைவேளையில் பெரியப்பா சுண்டல் பொட்டலம் பிரிப்பார். எப்படி உள்ளே கொண்டுவருகிறார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மழை வந்தால்?

நனைவோம். லீக்கும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே மாதங்களில் வருகின்றன, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

பெண்கள், குழந்தைகள் வரலாமா?

தாராளமாக. என் அக்கா எங்களைவிட அதிகம் ரெஃப்ரியைத் திட்டுவாள். அவள் ஒருகாலத்தில் பள்ளி அணியில் ஆடியவள். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றபோது, "உங்க பசங்களவிட எங்க பொண்ணுங்க மேல்" என்று எல்லாருக்கும் வாட்ஸ்அப் அனுப்பினாள். குழந்தைகளுக்குக் காதில் வைக்கப் பஞ்சு கொண்டுவாருங்கள். டிரம் பக்கத்தில் உட்கார்ந்தால் ராத்திரி தூங்காது.

ராத்திரி இங்கிலாந்து லீக் பார்க்கலாமே, தரம் நல்லா இருக்குமே?

பார்க்கிறேனே. ஆனால் அங்கே நான் கத்தினால் யாருக்குக் கேட்கும்? இங்கே ஒருமுறை மூன்றாவது வரிசையிலிருந்து ஜெர்ரியைக் கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்தார்.

கொரோனா வருஷங்களில் என்ன செய்தீங்க?

2020 மார்ச் 14, கோவாவில் இறுதிப்போட்டியையே ஆளில்லாத ஸ்டேடியத்தில் ஆடினார்கள். பயணச்சீட்டு வாங்கிவைத்திருந்தோம். அப்புறம் இரண்டு சீசன் எங்கள் ஆட்டங்கள் எல்லாம் கோவாவிலேயே, ரசிகர் இல்லாமல். டிவியில் போலிக் கூச்சல் ஒன்றைச் சேர்த்து ஒலிபரப்புவார்கள். பெரியப்பா சத்தத்தை அணைத்துவிட்டு, தானே வர்ணனை சொல்லுவார். அவர் காலத்து ஆட்டக்காரர்களின் பெயரெல்லாம் நடுநடுவே வரும். 2022-இல் கதவு திறந்தபோது அவருக்கு முட்டிவலி தொடங்கிவிட்டது.

டிக்கெட் மிச்சம் இருக்கா?

பெரியப்பாவின் சீட்டு இருக்கிறது. படியேற முடியாது என்று போன சீசன் நடுவில் சொல்லிவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவருக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறோம், கடைசி நேரத்தில் மனசு மாறினாலும் மாறுவார். மதியம் இரண்டு மணிக்கு அவருக்குப் போன் போட்டுக் கேட்பேன். "நீங்க போய்ட்டு வாங்கடா" என்றால் உங்களுக்குச் சொல்கிறேன். நான்கு மணிக்கு அத்தோக் கடைக்கு வந்துவிடுங்கள். சுண்டல் மட்டும் அவர் கட்டிக்கொடுத்துவிடுவார், அதை உள்ளே கொண்டுபோவது உங்கள் பொறுப்பு.